பைன் சருகும் புது வீட்டுப் படமும்

ஒரே மலை, ஒரே காற்று, ஒரே மத்தியானம். அப்படியிருக்க ஒரு வீடு எரிந்து தரைமட்டமாவதும், கூப்பிடு தூரத்தில் இன்னொரு வீடு ஓடுகூட விரியாமல் நிற்பதும் ஏன்? பள்ளிப் படிப்பு முடிந்து அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நான் சுற்றிக்கொண்டிருந்த அந்த வசந்தத்தில் யாராவது இதைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். கொரியாவின் கிழக்குக் கரையோர மலையடியில் இருக்கும் எங்கள் தோகோல் ஊரில் இருபத்து மூன்று வீடுகளில் ஒன்பது போயின. பெரியவர்களுக்கும் காரணம் தெரியவில்லை. விதி என்றார்கள், முன்னோர் கல்லறை பார்த்த திசை என்றார்கள். ஒரு வீட்டைப் பொறுத்தவரை பதில் தெரிந்தவர் ஒரே ஒருவர் இருந்தார். அவர் பதினோரு மாதம் வாயைத் திறக்கவில்லை.

அவர் பெயர் பில்சுன். வயது ஐம்பத்தேழு. ஜுக்பியோன் துறைமுகத்தில் நண்டு உரிக்கும் கூடத்தில் வேலை. சிவப்பு நண்டின் காலைக் கத்தரிக்கோலால் ஒரே வெட்டில் திறந்து, சதை உடையாமல் உருவி எடுப்பதில் அந்தக் கூடத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சூவோனில் வேலை பார்க்கும் மகள் செபோமின் பெயரை வைத்து, ‘செபோம் அம்மா’ என்றுதான் அழைப்பார்கள். கணவர் கிசோப் உருளைக்கிழங்கு பயிரிடுவார். இலையுதிர் காலம் வந்தால் பைன் மரத்தடியில் முளைக்கும், நல்ல விலைக்குப் போகும் சோங்கிக் காளானைத் தேடி மலையேறுவார். காளான் முளைக்கும் இடம் எது என்று முப்பது வருடமாக மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். அதற்காக எந்த மனைவியும் கோபித்துக்கொள்வதில்லை.

பைன் காடு எங்களுக்கு இன்னொன்றும் தரும். குளிர்காலம் முழுக்க உதிர்ந்து செம்பழுப்பாகக் காய்ந்து கிடக்கும் ஊசிச் சருகு. தரைக்கடியில் புகை ஓடி அறையைச் சூடாக்கும் அடுப்புக்கு அதைவிட நல்ல பற்றவைப்பு கிடையாது. ஒரு கைப்பிடி போட்டால் போதும், விறகு பிடித்துக்கொள்ளும். அது நனையக் கூடாது. அதனால் மூட்டை கட்டி, வீட்டின் முன்பக்கம் முழங்கால் உயரத்தில் தூக்கிக் கட்டிய பலகைத் தளத்துக்கு அடியில் தள்ளிவிடுவோம். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அந்தக் குளிர்காலத்தில் கிசோப் மலையிலிருந்து இருபது மூட்டை சுமந்து வந்தார். பில்சுன் அவற்றை ஒவ்வொன்றாகக் காலால் உள்ளே தள்ளினார்.

மார்ச் தொடக்கத்தில் தீ வந்தது. ஊர்த் தலைவர் ஒலிபெருக்கியில் கத்தினார். “சமையல போட்டுட்டு வாங்க! பசு இருந்தா அவுத்து விடுங்க! வண்டி வாசல்ல நிக்குது!” கிசோப் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பக்கத்து வீட்டு ஜாங்ஹோ தேன்பெட்டிகளையும் ஏற்ற வேண்டும் என்று தலைவரோடு சண்டை போட்டுக்கொண்டே முன்சீட்டில் உட்கார்ந்தார். பில்சுனுக்குக் கடைசி சீட்டு கிடைத்தது. சாலை வளைவில் வண்டி திரும்பியபோது அவர் பின்கண்ணாடி வழியாகத் தன் வீட்டைப் பார்த்தார்.

மலைத்தீ இன்னும் மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. வானத்தில் மட்டும் பொறிகள் பறந்தன. ஆனால் அவர் வீட்டு முன்தளத்துக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை கசிந்தது. சமையலறையில் பால் பொங்குவதுபோல மெதுவாக. பிறகு அதில் சிவப்பு தெரிந்தது. வண்டி வளைவைத் தாண்டிவிட்டது.

பில்சுன் வீட்டுக்கும் ஜாங்ஹோ வீட்டுக்கும் நடுவில் ஒரு பெர்சிமன் மரமும் நான்கு எட்டு வைத்துக் கடக்கிற இடமும்தான். இரண்டு வீடும் போயின, பதினான்கு தேன்பெட்டிகளும் போயின.

அன்று மாலை பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் போர்வை வாங்கிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது ஜாங்ஹோவின் மனைவி ஓக்ரான், பில்சுனின் கையைப் பிடித்துக்கொண்டு, “மலை நம்ம ரெண்டு பேரையும் சேத்தே முழுங்கிடுச்சு, செபோம் அம்மா” என்று அழுதார். பில்சுன் தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலில் பொய் தொடங்கியது.

*

வீடு போனவர்களுக்கு அரசாங்கம் தகரப்பெட்டி மாதிரியான தற்காலிக வீடுகள் கொடுத்தது. பில்சுனுடையதும் ஓக்ரானுடையதும் அடுத்தடுத்து. ஓக்ரான் கோஸைக் காரமாக ஊறவைத்துக் கிம்ச்சி போட்டால் ஒரு டப்பா இங்கே வரும். பில்சுன் உடைந்த நண்டுக்கால்களை வாங்கி வந்தால் பாதி அங்கே போகும். கிசோப் காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து கருகிய மலையைப் பார்த்து, வாயில் வந்ததைத் திட்டிவிட்டுத்தான் பல் தேய்ப்பார். முப்பது வருடம் சோறு போட்ட மலையில் அவர் அதன்பிறகு கால் வைக்கவே இல்லை.

தற்காலிக வீட்டில் இரண்டு வருடம்தான் இருக்கலாம். அதற்குள் சொந்த வீடு கட்டியாக வேண்டும். வீடு கட்ட அனுமதி வேண்டும், அனுமதிக்குப் படம் வேண்டும். எங்கள் ஊரில் படம் என்றால் மாவட்ட அலுவலகத்துக்கு எதிரில் வரிசையாக இருக்கும் அனுமதிக் கடைகள்தான். எத்தனை அறை என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் முத்திரை குத்திய படம் கையில் இருக்கும். யாரும் வீட்டு மனையை வந்து பார்ப்பதில்லை. நாங்களும் எதிர்பார்ப்பதில்லை.

கிசோப்பின் சித்தப்பா மகன் யுன்தே அப்படி ஒரு கடை வைத்திருந்தார். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, பாருங்க. பழைய வீடு எப்படி இருந்துச்சோ அப்படியே. முன்பக்கம் பலகைத் தளம், அடியில சாமான் வைக்க இடம். ஆனா மலைப்பக்கம் மட்டும் இங்க பாருங்க, மூணு மீட்டர் கான்கிரீட் சுவர். இனிமே அந்த மலை தலைகீழா நின்னாலும் உங்கள ஒண்ணும் பண்ண முடியாது.”

கிசோப்பின் முகம் மலர்ந்தது. “நாலு மீட்டர் வைக்க முடியாதா?”

“வச்சுரலாம். வீடா சிறையான்னு அண்ணி கேப்பாங்க, பரவாயில்லையா?”

“அவ என்ன கேப்பா? ஏம்மா, உனக்கு என்ன வேணும் சொல்லு.”

பில்சுன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கத் தளம். அதன் அடியில் மென்மையான ஒரு கோடு போட்டுக் காலி இடம் காட்டியிருந்தது. “குளியலறைல வெந்நீர் வரணும்” என்றார்.

மகள் செபோம் இதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் குதித்தார். “அம்மா, அந்தச் சித்தப்பா கடையில கோழிக்கூண்டுக்குக்கூடப் படம் போடுவாங்க. சியோல்ல ஒருத்தர் இருக்காரு, இயற்கை வீடு கட்டறவரு. நான் பேசிட்டேன்.” அந்த மனிதர் திரையில் தோன்றினார். சுவரெல்லாம் மரப்பலகை, வாசலிலிருந்து தோட்டம் வரை மரமேடை, மேடையை ஒட்டி நாணல் புல். அழகாகத்தான் இருந்தது. கிசோப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “தம்பி, இத எரிக்கத் தீ வேணுமா, இல்ல வெயிலே போதுமா?” என்றார். அத்தோடு சியோல் முடிந்தது.

*

மூன்றாவது ஆளை யாரும் தேடிப் போகவில்லை. எரிந்த ஊர்ப் பொதுக்கூடத்தைத் திரும்பக் கட்ட, ஊர்த் தலைவர் சம்சோக் நகரத்திலிருந்து ஒரு கட்டட வடிவமைப்பாளரை வரவழைத்திருந்தார். பெயர் பியோ யோன்ஹீ. நாற்பது வயதிருக்கும் பெண். ரப்பர் காலணி, கையில் களை செதுக்கும் சிறிய புல்வாரி. வண்டியின் பின்சீட்டு முழுக்க ஓட்டுத்துண்டும் கல்லும். பொதுக்கூடத்தைப் பார்க்க வந்தவர், எரிந்த ஒன்பது மனைகளையும் எரியாத பதினான்கு வீடுகளையும் மூன்று நாள் சுற்றினார். எல்லோரிடமும் ஒரே கேள்வி. “மொதல்ல எங்க பிடிச்சுது?”

“போலீஸா இது?” என்று ஜாங்ஹோ கேட்டார். “வீடு வரையச் சொன்னா விசாரணை நடத்துறா.”

ஆனாலும் பியோ வரைந்த இரண்டு வீடுகள் பக்கத்து ஊர்த் தீயில் தப்பின என்று தலைவர் சொன்னதால், கிசோப் தன் மனையையும் காட்டினார். பேச்சு பிடிக்காவிட்டால் யுன்தே இருக்கவே இருக்கிறார் என்பது அவர் கணக்கு.

மனையில் அஸ்திவாரக் கற்கள் மட்டும் வரிசையாக நின்றன. பியோ மண்டியிட்டு ஒவ்வொன்றையும் புல்வாரியால் சுரண்டினார். பிறகு பின்பக்கம் போனார். அங்கே மலையைப் பார்த்த கல்மேடையில் ஒன்பது ஜாடிகள் நின்றன. சோயா விழுதும் மிளகாய் விழுதும் போட்டு வைத்த ஜாடிகள். அவற்றில் புகை மட்டும்தான் படிந்திருந்தது.

“இது எப்பவும் இங்கதான் இருந்துச்சா?”

“ஆமா. சாமி புண்ணியத்துல அது மட்டும் தப்பிச்சுது. இன்னும் அந்த விழுதுதான் சாப்பிடறோம்” என்றார் கிசோப்.

“ஐயா, மலைப்பக்கமிருந்து தீ இறங்கி வந்திருந்தா இந்த ஜாடி வெடிச்சிருக்கணும். பின்வரிசைக் கல்லு கறுத்திருக்கு, அவ்வளவுதான். முன்வரிசைக் கல்லப் பாருங்க, சில்லுசில்லா உரிஞ்சிருக்கு. அங்க ரொம்ப நேரம், ரொம்ப உக்கிரமா எரிஞ்சிருக்கு. முன்பக்கம் என்ன வச்சிருந்தீங்க?”

“செருப்பு” என்றார் கிசோப்.

“செருப்பு கல்ல உடைக்காது.”

பியோ பில்சுனைத் திரும்பிப் பார்த்தார். “அம்மா, நீங்க ஏதாவது பாத்தீங்களா? மொதல்ல எந்தப் பக்கம்?”

வேலி மேல் கை வைத்து ஜாங்ஹோவும் ஓக்ரானும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். “மலைப்பக்கம்” என்றார் பில்சுன்.

பியோ புல்வாரியை வண்டியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு இந்த வீடு எப்படி எரிஞ்சதுன்னு தெரியல. தெரியாம நான் வரைஞ்சா, திரும்ப எரியற வீட்டத்தான் வரைவேன். மன்னிச்சுக்கங்க” என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

கிசோப்புக்கு வந்ததே கோபம். “நாம ஆள் பாக்கறோமா, இல்ல அவ நம்மளப் பாக்கறாளா? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வேணாம்னுட்டுப் போறா!” வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். பில்சுன் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முயன்றார். முகத்தில் அசைந்தது வாய் மட்டும்தான்.

*

அதன்பிறகு காரியம் வேகமாக நகர்ந்தது. ஜாங்ஹோவும் யுன்தேயிடமே வந்தார். ஒரே படம், இரண்டு வீடு. பக்கத்துப் பக்கத்தில், பழைய இடத்திலேயே, நடுவில் நான்கு எட்டு. மலைப்பக்கம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நீளமாக ஒரே சுவர்.

பில்சுனுக்கு வேலையில் கை தடுமாற ஆரம்பித்தது. நண்டுச் சதை உடைந்து உடைந்து வந்தது. மேற்பார்வையாளர், “என்னம்மா, இன்னிக்கு நண்டு உங்கள உரிக்குதா?” என்று கேட்டார். பில்சுன் நினைத்தது இதுதான்: வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வீடு எழும்பிவிடும். சுவர் தவறான பக்கத்தில் நிற்கும். தளத்துக்கடியில் கிசோப் மறுபடி மூட்டை கொண்டுவந்து போடுவார். என்றைக்காவது ஒருநாள் ஒரு பொறி பறந்து வரும். நான்கு எட்டு தள்ளி ஓக்ரான் தூங்கிக்கொண்டிருப்பார். வாயைத் திறந்தால், ஓக்ரானின் கிம்ச்சி டப்பா அன்றோடு நின்றுவிடும். பேச்சும் நின்றுவிடும். ஊர் முழுக்க அவரைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினார்.

ஒப்பந்தத்தில் முத்திரை வைக்கும் நாள் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் பில்சுனின் தகர வீட்டில்தான் கூடினார்கள். யுன்தே, கிசோப், ஜாங்ஹோ, ஓக்ரான். தாழ்ந்த மேசையில் படமும் தாள்களும். பக்கத்தில் மக்கோலி என்கிற அரிசிக் கள் கலயமும் வேகவைத்த நண்டும். வந்தவர்களின் செருப்புகள் வாசலில்.

“பெரியவர் மொதல்ல வைக்கட்டும்” என்றார் யுன்தே.

ஜாங்ஹோ தன் பெயர் செதுக்கிய முத்திரைக் கட்டையை எடுத்தார். சிவப்பு மை நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, எல்லோரும் செய்வதுபோல, அதன் அடியில் ‘ஹா’ என்று வாயால் ஊதினார். அந்த ‘ஹா’வுக்கும் தாளுக்கும் நடுவில் பில்சுனின் கை வந்து விழுந்தது. உள்ளங்கை படத்தின்மேல் பரவியிருந்தது.

“அண்ணி, படம் அழுக்காகுது” என்றார் யுன்தே.

“மலைப்பக்கம் இல்ல” என்றார் பில்சுன்.

“என்ன மலைப்பக்கம் இல்ல?”

“தீ. மலைப்பக்கமா வரல. எங்க வீட்டு முன்தளத்துக்கு அடியில பிடிச்சுது. சருகு மூட்டைல. நான் வண்டியிலேருந்து பாத்தேன். அப்ப தீ மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்துச்சு.” அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். “எங்க வீட்டுலேருந்துதான் உங்க வீட்டுக்கு வந்துச்சு, அண்ணே.”

யுன்தேதான் முதலில் சமாளித்தார். “காத்துல எத்தனையோ பொறி பறந்திருக்கும், அண்ணி. யாரு கண்டா...”

“நீ சும்மா இரு” என்றார் ஓக்ரான். அவர் பில்சுனைப் பார்த்தார். “எப்ப பாத்த?”

“வளைவுல திரும்பறப்போ.”

“அப்பவே வண்டிய நிறுத்தச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லல, அக்கா.”

“ஏன்?”

நிறுத்தியிருந்தாலும் யாரும் திரும்பிப் போயிருக்க முடியாது என்று ஓக்ரானுக்கும் தெரியும். ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் பில்சுன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜாங்ஹோ முத்திரைக்கு மூடியைப் போட்டுச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்தார். “பதினோரு மாசம். எம் பொண்டாட்டி போட்ட கிம்ச்சிய பதினோரு மாசம் வாங்கித் தின்ன” என்றார். சத்தம் போடவில்லை. விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். அங்கே அவருடைய ஒரு செருப்பைக் காணோம். கிசோப்பின் நாய் எங்கேயோ இழுத்துக்கொண்டு போயிருந்தது.

கிசோப் பதறிப்போய் வெறுங்காலோடு வெளியே ஓடினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், விறகுக்குப் பின்னால் தேடினார். ஜாங்ஹோ ஒரு செருப்போடு வாசலில் விறைப்பாக நின்றார். கோபித்துக்கொண்டு போகிறவருக்கு அதைவிடக் கஷ்டமான நிலைமை வேறில்லை. கடைசியில், “வேணாம், நாயே வச்சுக்கட்டும்!” என்று சொல்லிவிட்டு ஒரு செருப்போடு நடந்தே போய்விட்டார். ஓக்ரான் பின்னால் போனார். யுன்தே படத்தைச் சுருட்டினார். நண்டு ஆறிப்போயிற்று.

இருவர் மட்டும் மிஞ்சியபோது கிசோப் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பதினோரு மாசம் என்னை அந்த மலையத் திட்ட விட்டியே” என்றார்.

“நீங்க மலையத் திட்டற நேரமெல்லாம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. என்னைத் திட்டலையே.”

“உன்னை எதுக்குத் திட்டறது? மூட்டையச் சுமந்துட்டு வந்தது யாரு? நானு.”

“உள்ள தள்ளுனது நான். ஒரு மூட்டை கிழிஞ்சிருந்துச்சு, சருகெல்லாம் வெளிய கொட்டிக் கெடந்துச்சு. அப்புறமா பெருக்கலாம்னு விட்டேன்.”

“எந்த மூட்டை?”

“நீல மூட்டை.”

“அதக் கிழிச்சது நான்தான். வேலிக்கம்பில மாட்டிக்கிச்சு.”

“கிழிச்சா என்ன? பெருக்காம விட்டது நானு!”

“எல்லாத்தையும் உம்மேலயே போட்டுக்காத! மூட்டை என்னுது!”

தப்பு யாருடையது என்று இருவரும் வெகுநேரம் சண்டை போட்டார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்துத் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓக்ரானுக்கு எல்லாமே கேட்டது என்று பிறகு தெரிந்தது.

*

திங்கட்கிழமை இடைவேளையில் பில்சுன் நண்டுக்கூடத்துக்கு வெளியே நின்று பியோவைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மேடம், தோகோல்லேருந்து பேசறேன். முன்பக்கம். தளத்துக்கடியில பைன் சருகு, இருபது மூட்டை. எனக்கு மொதல்லேருந்தே தெரியும்.”

அந்தப் பக்கம் ஏதோ மென்று விழுங்கும் சத்தம் கேட்டது. “இருபதா? சரி. புதன்கிழமை வரேன். அளக்க டேப்பப் பிடிக்க ஆள் வேணும்” என்றார் பியோ. அவ்வளவுதான். ஒரு ‘அப்படியா’கூட இல்லை. பில்சுனுக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது.

பியோ வரைந்த வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்தளம் உண்டு. ஆனால் அதன் அடிப்பக்கம் கல்லும் சாந்தும் வைத்து முழுக்க அடைக்கப்பட்டது. எரிந்த வீட்டின் உடையாத அஸ்திவாரக் கற்களையே அதற்குப் பயன்படுத்தினார். சுவர் அந்த மனையில் தோண்டிய மண்ணையே நனைத்து, இடித்து இறுக்கிக் கட்டியது, ஒரு முழத்துக்கு மேல் கனம். கோடையில் குளிர்ச்சி, தீக்கும் பயமில்லை. ஓட்டின் விளிம்பில் குருவி கூடு கட்டும் சந்துகளைக் காரை வைத்து மூடினார். கூரை இறவாரத்தின் அடியையும் அடைத்து, காற்றுப் போகும் துளைகளில் அரிசிகூட நுழையாத கம்பிவலை போட்டார். வீட்டைச் சுற்றி இரண்டு எட்டு அகலத்துக்குச் சரளைக்கல். அதில் செடி, விறகு, விளக்குமாறு எதுவும் கூடாது. கூரை மழைநீர் ஒரு தொட்டிக்குப் போகும். தோட்டத்துக்கும் அதுவே, ஆபத்துக்கும் அதுவே.

“மலைப்பக்கச் சுவர்?” என்று கிசோப் கேட்டார்.

“வேணாம். அங்க ரெட்டைக் கண்ணாடி வச்சு ஒரு பெரிய ஜன்னல் போடறேன்.”

கிசோப் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “எவ்வளவு பெரிசு?” என்றார்.

பியோவிடமும் தவறு இருந்தது. முதல் படத்தில் விறகடுப்பு அறையையே அவர் எடுத்துவிட்டார். மின்சாரம் போதும் என்றார். கிசோப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “முதுக எங்க காட்டறது? சுவிட்சுலயா? அடுப்பு இல்லாத வீட்டுல நான் பொணமாத்தான் படுப்பேன்.” பியோ வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வேறு படம் வந்தது. அடுப்பு வாய்க்குச் செங்கல் கூண்டும் இரும்புக் கதவும். புகைபோக்கியின் தலையில் பொறி தடுக்கும் வலை. சருகு மூட்டைகளுக்கு வீட்டிலிருந்து இருபது எட்டு தள்ளித் தனிச் செங்கல் அறை. “தெனமும் இருபது எட்டு நடக்கணும்” என்றார் பியோ. “பனி பெய்யும்போதுமா?” என்றார் கிசோப். “பனி பெய்யும்போதும்.” “சரி, இவ நடப்பா” என்று பில்சுனைக் காட்டினார். பில்சுன் அவர் முதுகில் ஒன்று வைத்தார். ஒப்பந்தத்தில் இருவரும் முத்திரை வைத்தார்கள்.

ஜாங்ஹோ பேசவில்லை. ஓக்ரானின் கிம்ச்சியும் வரவில்லை. பில்சுன் எதிரில் வந்தால் ஜாங்ஹோ சாலையின் மறுபக்கம் போனார். ஊர்க்காரர்கள் இருவிதமாகப் பேசினார்கள். சொல்லியிருக்கவே வேண்டாம் என்றவர்கள் அதிகம். ஆனால் அந்த வாரமே, எரியாத பதினான்கு வீட்டுக்காரர்களும் தளத்துக்கடியிலிருந்து மூட்டைகளை இழுத்து வெளியே போட்டார்கள். தலைவர் ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மூட்டைகள் மட்டும் வயல் ஓரத்தில் குவிந்தன. தப்பித்த வீடுகளில் பெரும்பாலானவை தீ வந்த வருடக் குளிர்காலத்தில் சருகை ஏற்கெனவே எரித்துத் தீர்த்துவிட்ட வீடுகள் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஏப்ரலில் ஒருநாள் ஜாங்ஹோ இரண்டு பஸ் மாறி சம்சோக் போனார். பியோவின் அலுவலகத்தில் தொப்பியைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். இதைப் பியோவே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்.

“எனக்கும் ஒரு வீடு வரையணும். ஆனா அவங்க வீட்டுலேருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வை.”

“ஐயா, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எட்டு மீட்டராவது வேணும்னு நானே நெனச்சிருந்தேன்.”

“பத்து போடு.”

“சரி, பத்து. உங்க வீட்டுல மொதல்ல எங்க பிடிச்சுது?”

ஜாங்ஹோ நீண்ட நேரம் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். “என் தளத்துக்கடியில இருபத்தஞ்சு மூட்டை இருந்துச்சு” என்றார். “செபோம் அம்மாகிட்ட சொல்லாத.”

பியோ பில்சுனிடம் சொல்லவில்லை. ஓக்ரான்தான் சொன்னார். ஒரு மாலை கிம்ச்சி டப்பாவோடு வந்து, அதை மேசையில் வைத்துவிட்டு, “இருபத்தஞ்சு. உன்னைவிட அஞ்சு அதிகம்” என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னித்தேன் என்றோ மறந்துவிட்டேன் என்றோ சொல்லவில்லை. வண்டியை ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்ற கேள்வி அவரிடம் இன்னும் இருக்கிறது. பில்சுனும் அதைத் தெரிந்துதான் அந்தக் கிம்ச்சியைச் சாப்பிடுகிறார்.

இரண்டு மனையிலும் ஒரே நாளில் மண் வெட்டினார்கள், ஏனென்றால் பியோவுக்கு வேறு நாள் ஒழியவில்லை. நிலத்துக்குப் படைக்கப் பன்றித்தலையும் மக்கோலியும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு மேசை, இரண்டு பன்றித்தலை. நடுவில் புதிதாகக் கொட்டிய சரளைக்கல். கிசோப் குனிந்து வணங்கினார். அந்தப் பக்கம் ஜாங்ஹோவும் வணங்கினார். நிமிர்ந்ததும், யாரையும் பார்க்காமல், ஆனால் பில்சுனுக்குக் கேட்கிற மாதிரி, “அவங்க பன்னித்தலை ரொம்பச் சின்னதா இருக்கு” என்றார்.

“தலை சின்னதுதான்” என்றார் பில்சுன். “மக்கோலி நெறைய இருக்கு, அண்ணே.”

அரைமணி நேரம் கழித்து ஜாங்ஹோ, காலிக் கலயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சரளைக்கல் நறநறக்க நடந்து வந்தார்.

நீங்கள் வீடு கட்டாதவராக இருக்கலாம், உங்கள் ஊரில் பைன் மரமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் படம் வரைய ஆள் தேடிக்கொண்டிருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் பில்சுன் கதையைச் சொல்லுங்கள். நல்ல ஆள் கிடைத்தால் மட்டும் போதாது, அந்த ஆளிடம் உண்மையைச் சொல்லவும் வேண்டும் என்று சொல்லுங்கள். அவர்களும் இன்னொருவரிடம் சொல்லட்டும். ஊரெல்லாம் தெரிந்தால் உங்களுக்கு வெட்கமாக இருக்காதா என்று பில்சுனிடமே கேட்டேன். “இருக்கும்தான், இருந்தாலும் நீ எழுது” என்றார்.